சுடமாட்டேன் என்றவன்

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய ரோவில் நகரில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள மண்டபத்தில் மாதம் ஒருமுறை பழைய படம் காட்டுவார்கள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் நானும் கணவரும் போனோம். அது புரட்சியில் சேர்ந்துகொள்ளும் சிப்பாய்களைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம்.

திரையில், பசியோடு பாண் வாங்க வரிசையில் நின்ற பெண்களைச் சுடும்படி அதிகாரி கத்தினான். சிப்பாய்கள் துவக்குகளை உயர்த்தினார்கள். ஊரில் ஆமிக்காரரும் இப்படித்தான் துவக்கை உயர்த்தி, என் அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

கணவர் என் கையைப் பிடித்தார். “எழும்பும், வீட்ட போவம்.”

“இல்லை, நான் முடிவைப் பாக்கப்போறன்.”

“ஏன் உம்மை நீரே வதைக்கிறீர்?”

“நீங்களும் இருங்கோ.”

திரையில் ஒரு மெலிந்த சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். பிறகு பக்கத்தில் நின்றவன், பிறகு எல்லோரும். அந்தப் பெண்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை.

படம் முடிந்ததும், அது புரட்சிக்குப் பிறகு வந்த அரசாங்கம் எடுப்பித்த பிரச்சாரப் படம், உண்மையில் நடந்தது வேறு என்று அதைக் காட்டிய வெள்ளைக்காரர் விளக்கினார்.

“கேட்டீரே? முழுப் பொய்,” என்றார் கணவர், காரில் ஏறியதும்.

“ஓம், பொய்தான். ஆனா சுடமாட்டன் எண்டு சொல்லுற ஆமிக்காரனை நான் பொய்யிலகூட இவ்வளவு காலமும் காணேல்லை. அடுத்த மாசமும் வருவன்.”

அவர் சாவியைப் போட்டு காரை எடுத்தார்.

“சரி, ரெண்டு பேருமா வருவம்,” என்றார்.