அவர் அலசிய புடவை

ஆடிப்பெருக்கன்று மகளோடு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போயிருந்தேன். நீண்ட கூந்தலை முடிந்து, கண்ணுக்கு மை தீட்டிய ஓர் ஆண் சிவப்புப் புடவை ஒன்றை நளினமாக அலசிக்கொண்டிருந்தார். நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிறவராம். “வெட்கங்கெட்டவன்! இந்தப் பக்கம் வாடி” என்று மகளை இழுத்துக்கொண்டேன். அது அவர் காதிலும் விழுந்தது.

காவேரிக்குக் கற்பூரம் காட்டக் குனிந்தேன். என் மடிசார் தலைப்பில் குப்பென்று தீப்பிடித்துக்கொண்டது! நான் அலறுகிறேன், சுற்றி நின்ற ஆண்களோ, பெண்பிள்ளையைத் தொடலாமா என்று விழிக்கிறார்கள்! அவர் ஒருவர்தான் பாய்ந்து வந்தார். இடுப்பு முடிச்சைத் தடவித் தேடவேயில்லை. ஒரு கையால் ஒன்பது கஜத்தையும் சரசரவென்று உருவிக்கொண்டே, மறு கையால் அந்த ஈரப் புடவையை என்மேல் சுற்றிவிட்டார். மேனியில் ஒரு கொப்புளமில்லை, மானத்துக்கும் குறைவில்லை!

அவரைப் பார்த்துக் கைகூப்பினேன்.

“ரெண்டு காட்சிக்கு நடுவுல தினமும் எங்களுக்கு இதாம்மா வேலை” என்று சிரித்தார். “முடிச்சை மட்டும் இவ்வளவு இறுக்கிக் கட்டாதீங்க.”

இப்போது முடிச்சை இளக்கித்தான் கட்டுகிறேன். படித்துறையில் அவரைக் கண்டால், இன்றும் மகளிடம் “இந்தப் பக்கம் வாடி” என்றுதான் சொல்கிறேன், அவர் நிற்கும் படிக்கு நடந்துகொண்டே.