நாலாவது வரியில் இருந்த பெட்டிகள்

போர் நடந்த வருடங்களில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், இரண்டு கணினிகள் இருந்த அறையொன்றில் நானும் நண்பர் ஒருவரும் மென்பொருள் செய்தோம். மீனவர் சங்கத்துக்குக் கடலில் இறங்க அனுமதிக்கும் ‘பாஸ்’ பட்டியல் அச்சிடும் நிரல் அது. எதை மாற்றினாலும் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு ‘பில்ட்’ வேலைகள் தாமாகவே ஓடும். தமிழ் எழுத்துருவைக் கட்டுவது நண்பருடையது. பட்டியலைக் கட்டி அச்சிடுவது என்னுடையது. தகப்பன் பெயரும் வேண்டுமென்று கடற்படைச் சாவடியில் கேட்டதால் அன்று காலை ஒரு பத்தி கூட்டியிருந்தோம்.

சாம்பல்தீவிலிருந்து வந்த மீனவர் ஒருவர் கதிரையில் இருந்தார். அவருடைய பாஸ் அன்றோடு முடிகிறது. நாலு மணிக்குள் புதிய பட்டியல் சாவடிக்குப் போகாவிட்டால் மறுநாள் அவருடைய தோணி கரையில்தான்.

இரண்டு திரைகளிலும் காலையிலிருந்து ஒரே சொல்: காத்திருக்கிறது.

“ஆருக்காகத் தம்பி காத்திருக்கு?” என்றார் மீனவர்.

பார்த்தேன். என் வேலை எழுத்துருவுக்காகக் காத்திருந்தது. எழுத்து இல்லாமல் பட்டியல் ஏது? ஆனால் எழுத்துரு வேலையும் என் பட்டியலுக்காகக் காத்திருந்தது.

“உங்கட வேலை பெரிசு. அது முந்திப் போகட்டும் எண்டு ஒரு மரியாதைக்கு விட்டனான்,” என்றார் நண்பர்.

மீனவர் சிரித்தார். “பந்தியில ரெண்டு சம்பந்தியள் நிக்கிற மாதிரி. நீங்க இருங்கோ, இல்லை நீங்க இருங்கோ எண்டு. சோறு ஆறிப்போடும்.”

நண்பர் வெட்கப்பட்டு, ‘காத்திரு’ என்ற தன் நிபந்தனையை நீக்கினார். அவரை மட்டும் சங்கடப்படுத்தக் கூடாதென்று அதே நேரம் நானும் என்னுடையதை நீக்கினேன். இரண்டும் ஒன்றாக ஓடின. எழுத்துரு முடியுமுன் பட்டியல் அச்சாகிவிட்டது. எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் சதுரப் பெட்டிகள். மணி மூன்றே முக்கால். மறுபடி கட்ட ஒரு மணி நேரம் வேண்டும்.

“இதில நான் எது?”

“நாலாவது வரி, அண்ணை.”

விரல் வைத்துப் பார்த்தார். “ஓம், நீளமாத்தான் கிடக்கு. அப்பாட பேரும் விழுந்திட்டுது.” தாளை மடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

சாவடியில் இருந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வரிகளை எண்ணி முத்திரை குத்திவிட்டார்.

மறுநாள் மதியம், பெயர்கள் சரியாக விழுந்த பட்டியலைச் சாவடிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து உற்றுப் பார்த்தார். நேற்றையதைப் போல இல்லையென்று புதியதைத் திருப்பித் தந்தார்.

மீனவர் அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தார். “குழப்பாதேங்கோ தம்பி. அந்தப் பெட்டியளோட நல்லாப் போய் வந்தனான்.”

அதன்பின் ஒவ்வொரு கிழமையும் சாவடிக்குப் பட்டியல் கட்டும்போது, நண்பர் முதலில் வைத்திருந்தபடி, என் வேலையே எழுத்துருவுக்கு முந்திப் போனது.