என் பெயரில் போன பதில்

நான் ஒரு சந்தேகப் பிராணி. எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் அது தெரியும். மலாக்காவில், பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு இயந்திர உதிரிப் பாகங்கள் விற்கும் சின்னக் கம்பெனி அது. மொத்தம் ஏழு பேர். ஒரு திங்கட்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டு, வேலை அனுபவங்களைப் போட்டு வைக்கும் இணையதளத்தில் அவரவர் சொந்தமாக வைத்திருக்கும் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டார். கஸ்டமர்கள் பார்ப்பதால் எல்லாருடைய பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்.

"அது என் சொந்தக் கணக்காச்சே போஸ்?"

"ஒளிக்க என்னா இருக்கு?" என்றார்.

ஒளிக்க இருந்தது. பக்கத்து வட்டாரமான குருபோங்கில் தொழிற்சாலை ஒன்றில் இண்டர்வியூ முடித்திருந்தேன். முடிவை அந்தக் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். சனி, ஞாயிறு விடுமுறை, கத்தாத மேலாளர். அந்த வேலைக்கு நான் தவித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் எல்லாரும் எழுதிக் கொடுக்க, நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

கணக்குகளைச் சீர்படுத்தும் பொறுப்பு பக்கத்து மேசை அக்காவுக்குப் போனது. அப்பாடா என்றிருந்தது. மதியம் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போஸ் கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாதுக்கா."

"கவலப்படாத தங்கச்சி, நான் பாத்துக்கறேன் லா."

அதன் பிறகு முதலாளி "சாப்டாச்சா?" என்று கேட்டால்கூட, இந்த ஆள் எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தேன். இரண்டு வாரமாகியும் பதில் வராததால் குருபோங்குக்கே போன் போட்டேன். எடுத்த பெண் தமிழில் பேசினாள்.

"நீங்கதானே வேணாம்னு எழுதுனீங்க? வேற ஆள எடுத்தாச்சே!"

என் கணக்கில் அப்படி எதுவும் இல்லை, அழித்திருந்தார்கள். தங்களுக்கு வந்த பதிலை அவள் படம் பிடித்து அனுப்பினாள். என் போட்டோவுக்குப் பக்கத்தில், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், இப்போது வேலை மாற முடியாது, மன்னிக்கவும் என்று மரியாதையான ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஆபரேஷன் ஆபீசில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

அக்காவைத் தேநீர் கலக்கும் பேன்ட்ரிக்குள் இழுத்துப் போனேன். "போஸ் எழுதச் சொன்னாரா?"

"அவருக்கு ஒன்னுமே தெரியாது." அக்கா தலை குனியவில்லை. "போன தடவ ஒருத்தன் வேலய விட்டுப் போனான். புது ஆளு எடுத்தாரா? ஆறு மாசம் அவன் வேலயும் என் தலையில. நீயும் போனா நான் சாவறதா?"

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது நானேதான். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கேயே நின்று பாஸ்வேர்டை மாற்றினேன்.

மறுநாள் காலை முதலாளி என் மேசைக்கு வந்தார். "உள்ள போக முடியலயாமே? புதுசு என்னா?"

அக்கா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் போவதற்கு வேறு வேலை இல்லை. எழுதிக் கொடுத்தேன்.