அணைக்காத மைக்

அடிபட்டவன் அடிபட்டேன் என்று கோர்ட்டில் சொல்ல மாட்டான். வக்கீல் தொழிலுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. மாஜிஸ்திரேட்டுகளுக்கும் தெரியும். தெரிந்தும், போலீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "போலீஸ் அடித்ததா?" என்று கேட்பார்கள். இல்லை என்பான். புகார் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

எங்கள் தீவுகளில் இது இன்னும் சௌகரியம். கைதானவனை முதல் தடவை நேரில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். கடல் சரியில்லை, கப்பல் ரத்து என்று சொல்லிவிட்டால் வீடியோவில் முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி லாக்கப்பில் தள்ளலாம். முகத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. அவர்களுக்கு அவ்வளவுதான் விதி.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், வடக்கே ஒரு தீவில் கப்பல்துறை ஜெனரேட்டரிலிருந்து டீசல் திருடியதாக ஒரு கொத்தனாரைப் பிடித்தார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆள், கான்ட்ராக்டருக்கு வேலை செய்யப் போனவன். இங்கே நகரத்தில் பத்துபஸ்தியில் குடியிருந்த அவன் மனைவி நேராகக் கோர்ட் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"சார், நேத்துலேருந்து போன் எடுக்கல. போலீஸ் தாணாவுல கேட்டா 'மெஹ்மான் ஹை'ன்னு சிரிக்கிறானுங்க. விருந்தாளியாம். அவரை அந்த ஆளுங்க கையிலேருந்து வெளிய எடுத்துடுங்க. கேஸை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கேட்டதுதான் சரி. கேஸ் கிடக்கட்டும். ஆள் போலீஸ் கையிலிருந்து ஜெயிலுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் ஜெயில்தான் பாதுகாப்பு.

வழக்கம்போல வீடியோதான்; கோர்ட் திரையில் அவன் தோள்வரை தெரிந்தான். ஓரத்தில் ஒரு காக்கிச் சட்டைக் கை. மாஜிஸ்திரேட் புதிதாக வந்த பெண். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் இந்தியில் கேட்டார், அடித்தார்களா என்று.

"நஹி மேடம்."

"அவனை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்" என்றேன்.

அரசு வக்கீலும் தமிழர்தான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என்ன வக்கீலே, ஆணழகன் போட்டியா நடத்துறீங்க?" என்றார்.

"நிக்கச் சொல்லுய்யா, பாப்போம். நின்னுட்டா நான் உக்காந்துக்கறேன்."

மாஜிஸ்திரேட் என்னைத்தான் கடிந்துகொண்டார். அவனே இல்லை என்கிறான், நீங்கள் ஏன் கதை கட்டுகிறீர்கள் என்றார். போலீஸ் கேட்ட காவலைக் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்தப் பக்கம் கேமராவை அணைத்தார்கள். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள்.

முதலில் ஓர் அறை விழும் சத்தம். "வக்கீல் ரக்கா ஹை, சாலே?" என்று ஒருவன் கத்தினான். வக்கீல் வைத்ததுதான் குற்றம். பிறகு லத்தி. சதையில் லத்தி விழும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டான்.

பெஞ்ச் கிளார்க் லேப்டாப்பை மூடக் கை நீட்டினான். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். "தொட்டே, ஒடிச்சிருவேன்." இன்னொரு கையால் எங்கள் பக்கத்து மைக்கை அணைத்தேன். நாங்கள் கேட்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

"மேடம், விசாரணை முடிஞ்சாச்சு. இது ரெக்கார்டுல வராது" என்றார் அரசு வக்கீல்.

மாஜிஸ்திரேட் நின்றபடியே இருந்தார். நான் மைக்கைப் போட்டு ஒரு குரல் கொடுத்திருந்தால் அங்கே அடி நின்றிருக்கும். நாற்காலி விழுந்த சத்தம் என்று போலீஸார் எழுதிவிட்டு, ராத்திரி மிச்சத்தை அடித்திருப்பார்கள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. இந்த அம்மா கேட்கட்டும் என்று விட்டேன். பாதத்தைத் திருப்பு என்றான் அங்கே ஒருவன். கொத்தனாரின் அலறல் நடுவில் உடைந்து, தொண்டையிலிருந்து வேறு ஏதோ சத்தமாக வந்தது. கோர்ட் வாசலில் அவன் மனைவி கதவில் முட்டிக்கொண்டாள். ஒரு போலீஸ்காரன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான்.

மாஜிஸ்திரேட் உட்கார்ந்தார். மைக்கைப் போடச் சொன்னார். "கோர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். அங்கே லத்தி நின்றது.

போலீஸ் காவலை ரத்து செய்தார். அடுத்த ஹெலிகாப்டரில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, பிறகு ஜெயிலில் வைக்க வேண்டும் என்று எழுதினார். தன் காதால் கேட்டதையும் எழுதினார். அதற்கு முதுகெலும்பு வேண்டும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவனை எழுந்து நிற்க வைக்க அவருக்கு ஒரு வார்த்தைதான் செலவாகியிருக்கும். கிளார்க்கும் அரசு வக்கீலும் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் மீது மட்டும் ஒழுங்கு நடவடிக்கை, கோர்ட் ஊழியரைத் தாக்கியதாக. தாக்கினேன்தான். மறுக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டும் கட்டுக்குள் இருந்தன. வலது காது கேட்கவில்லை. நான் மைக்கை அணைத்ததை வாசலிலிருந்து பார்த்த அவன் மனைவி அவனிடம் சொல்லியிருந்தாள்.

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க சார்? ஒரு சத்தம் குடுத்திருந்தா விட்டிருப்பானுங்களே."

"அப்போ விட்டிருப்பான். காவல் முடிஞ்சு உன் பொணம்தான் வந்திருக்கும்."

அவன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். "இந்தக் காதுல விழுந்தது கடைசி அடி சார்" என்றான்.

அவன் மனைவி என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன்.