மச்சான் கை நனைத்த சித்திரை

ஏலமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஜக்கையன் சமையல்காரராக இருந்தார். இளவட்டத்தில் தோட்டத்துக்குக் களை வெட்டப் போனவரை, குசினியில் ஆள் இல்லையென்று ஒருநாள் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நின்றவர் நின்றவர்தான். மீசை நரைத்துவிட்டது. பொங்கலானாலும் தீபாவளியானாலும் துரை வீட்டு மேசைக்குப் பின்னால், தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். போடிநாயக்கனூரில் இருந்த வீட்டுக்கு, போடிமெட்டிலிருந்து இறங்கி எப்போதாவது வருவார். மனைவி இருளம்மாள் போட்டதைத் தின்றுவிட்டுத் தூங்குவார், மறுபடி மலையேறிவிடுவார்.

அந்த வேலையால் ஓர் உறவும் விட்டுப்போயிருந்தது. இருளம்மாளின் அண்ணன் பிச்சைமணி பொட்டிபுரத்துச் சம்சாரி, பிடிவாதக்காரர். "மாட்டுக்கறி ஆக்குற கையால நான் ஒரு வாய் திங்க மாட்டேன்" என்று ஊரறியச் சொன்னவர், சொன்னபடியே இருந்தார். அந்த வீட்டு அடுப்பில் இருளம்மாளே பொங்கினாலும் அவர் தொடுவதில்லை. தங்கை மகள் கருத்தம்மாவின் கல்யாணத்தில்கூடத் திருநீறு பூசிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் வண்டி பூட்டிப் போய்விட்டார். இருளம்மாள் அன்று யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

அந்த வருஷம் துரை வெயிலுக்கு முந்தியே கொடைக்கானல் போய்விட்டார். சித்திரை பிறக்கும்போது ஜக்கையன் வீட்டில் இருந்தார். முதல்நாள் சாயங்காலம் குசவர் தெருவுக்குப் போய்ப் புதுப் பானையும் சட்டியும் வாங்கிவந்தார்.

"எதுக்கு இம்புட்டு?" என்றாள் இருளம்மாள்.

"நாளைக்கு நான் ஆக்குறேன். நம்ம சனத்த வரச்சொல்லு."

"அண்ணனயுமா?"

"அவருக்குத்தான் புதுப்பானை."

கருத்தம்மா உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்தாள். அவளே தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு பொட்டிபுரத்துக்கு நடந்து போய் மாமனைக் கூப்பிட்டாள். "நல்லேர் பூட்டி வருசத்து மொத உழவு உழுதுட்டுத்தான் வருவேன். வந்து உங்கள எல்லாம் பாத்துட்டுப் போறேன்" என்றார் பிச்சைமணி. சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை.

விடியும்முன் ஜக்கையன் கொட்டகுடி ஆற்றில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வந்து அடுப்பு மூட்டினார். வெயில் ஏறுவதற்குள் பருப்பும் சோறும் குழிப்பணியாரமும் கத்தரிக்காய்க் குழம்பும் தயார். மாங்காயும் வெல்லமும் சேர்த்து, வேப்பம்பூவை வறுத்துப் போட்டுப் பச்சடி செய்தார். அதற்கப்புறம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பங்களாவில் மணி அடித்தால் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே யாரையும் காணோம். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார்.

"பொழுதன்னைக்கும் நடக்காதீக. வர்றவுக வருவாக" என்றாள் இருளம்மாள்.

வந்தார்கள், அவரவர் இஷ்டத்துக்கு. பக்கத்துத் தெருவில் இருந்த ஜக்கையனின் தம்பி ராக்கு குடும்பத்தோடு முதலில் வந்து, கொல்லை வேப்பமரத்தடியில் பாயை விரித்துப் படுத்தே விட்டார். அப்புறம் கருத்தம்மா வந்து, பானையைத் திறந்து நின்றவாக்கிலேயே ஒரு பணியாரம் எடுத்துத் தின்றாள். காலைப் பலகாரத்துக்குப் பிந்தி, மத்தியானச் சோற்றுக்கு முந்தி என்று சொல்லும்படியான நேரத்தில், காலில் உழவு மண்ணோடு பிச்சைமணி வந்து இறங்கினார்.

இருளம்மாள் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்க மச்சான்" என்றார் ஜக்கையன். சாப்பிடச் சொல்லவில்லை. மூலையில் கிடந்த நுங்குக் குலையை இழுத்துப்போட்டுச் சீவினார். அடுப்பும் நெருப்பும் படாத பண்டம். ஒவ்வொரு காயாகச் சீவி நீட்ட, பிச்சைமணி கட்டைவிரலால் நோண்டித் தின்றார். வெயிலில் வந்த நாக்குக்கு இதமாக இருந்தது.

"பிஞ்சு நுங்கு" என்றார். ஜக்கையன் தலையாட்டினார்.

அப்புறம் ராக்கு எழுந்து உட்கார்ந்து மழையைப் பற்றிக் கேட்க, பிச்சைமணி காலையில் பூட்டிய ஏரைப் பற்றிச் சொன்னார். கொம்பு சீவிய காளை ஒன்று வழியை விட்டு விலகிப் பக்கத்துக் கொல்லைக்குப் போனதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே இலை போட்டார்கள். அவருக்கு முன்னால் மட்டும் போடவில்லை. போடச் சொல்லி ஜக்கையனும் சைகை காட்டவில்லை.

கருத்தம்மா பச்சடியைத் தொட்டு நக்கிக் கண்ணை மூடினாள். பிச்சைமணி பார்த்தார்.

"இருளம்மா, நம்ம ஆத்தா வைப்பாளே, அந்தப் பச்சடியா இது?"

"அதே பக்குவந்தாண்ணே. நாஞ்சொல்ல அவுக வச்சாக."

பிச்சைமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாப்ளே, எனக்கும் ஒரு எல போடு."

ஜக்கையன் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, சோறும் பச்சடியும் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்றுகொண்டார். பிச்சைமணி சோற்றில் கை வைக்கவில்லை.

"என்ன மச்சான்?"

"நீ நின்னா எனக்கு எறங்காது. உக்காரு."

"நான் பெறகு..."

"தொரைக்கிட்டப் போயி நின்னுக்க. இங்க உக்காரு மாப்ளே."

இருளம்மாள் புருஷனுக்கும் ஓர் இலையைப் போட்டாள். ஜக்கையன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நல்லநாளில் பந்தியில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. பிச்சைமணி மளமளவென்று சாப்பிட்டுக்கொண்டே, "உப்பு ஒரு கல்லு கூட" என்றார். இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் வண்டி பூட்டும்போது பிச்சைமணி சொன்னார்: "வைகாசில எங்க சாமிக்குப் பொங்க வைக்கிறோம். தொரைகிட்டச் சொல்லிட்டு வந்துரு. அங்க ஆக்க ஆளிருக்கு. நீ சும்மா வந்து உக்காந்தாப் போதும்."

"வர்றேன் மச்சான்."

துரையிடம் லீவு கேட்கப் பயந்தாலும் கேட்டார், கிடைத்தது. பொட்டிபுரத்தில் பொங்கல் பொங்கும்போது இரண்டு தடவை அடுப்புப் பக்கம் நழுவப் பார்த்தார். இரண்டு தடவையும் பிச்சைமணி தோளைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தார்.