மட்டாஞ்சேரியில் பின்னால் போன கடிகாரங்கள்

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கம்ப்யூட்டர் தரும் தொல்லை கொஞ்சம்தான் என்பது, இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. தொண்ணூறுகளின் கடைசியில், திருப்பூணித்துறையிலிருந்து பஸ் பிடித்து மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போய்வந்தேன். தற்காலிக வேலை. எல்லா மெஷினும் ஒழுங்காக ஓடினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை நிரந்தரம் என்று அப்பா பெண் வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நாலு வரி ஸ்கிரிப்ட்

அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு நேரம் காட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்த எனக்குப் பொறுமை கிடையாது. நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். யார் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாலும், அந்த மெஷின் சர்வரின் நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். முதலாளியை அழைத்துப் பெருமையாகக் காட்டினேன். எல்லாத் திரைகளையும் பார்த்தவர், கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கொள்ளாம், நல்லா இருக்கு. என் வாட்ச் அஞ்சு நிமிஷம் முன்னால போறதே, அதையும் இது திருத்துமா?"

கேட்கும் முன்னே பதில்

வெள்ளிக்கிழமை, பில் போடும் ராதா சேச்சியின் மெஷின் மட்டும் அரை மணி பின்னால் போயிருந்தது. மறுநாள் சரியாக இருந்தது. அடுத்த வெள்ளி மறுபடியும் கோளாறு. ஸ்கிரிப்டைத் திருப்பி எழுதினேன், உள்ளேயிருக்கும் பேட்டரியை மாற்றினேன், வைரஸ் தேடினேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போதாக்குறைக்கு இடப்பள்ளியிலிருந்து ஒரு மிளகு புரோக்கர் முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். சேச்சி அனுப்பிய ஈமெயில்தான் விஷயம். முதலாளி ஸ்பீக்கரைப் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். புரோக்கரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எந்தா சாரே, நாங்க விலை கேட்டது பத்தே முக்காலுக்கு, உங்க பதில்ல பத்தேகால்னு இருக்கு. அங்கே ஜோசியமும் உண்டோ?"

லாரி தாமதமான வெள்ளி

அடுத்த வெள்ளி சேச்சியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பில் போடவேண்டிய மிளகு லாரி தாமதமாக வந்தது. மணி பத்தரை தாண்டிவிட்டது. சேச்சி சாயாவை ஒரு வாய் குடித்தார், திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைத் திறந்தார், பத்தேகால் என்று மாற்றினார், பில் போட ஆரம்பித்தார். "சேச்சி, என்ன பண்றீங்க!" என்று கத்தியேவிட்டேன். அவர் அசரவில்லை. "பத்தரைக்கு ராகுகாலமல்லே மோனே? பில்லுல அந்த நேரம் விழக்கூடாது. ஆனா கரண்ட் போய் வந்தா யாரோ திரும்பவும் மாத்திடறாங்க, அந்த ஆளைக் கொஞ்சம் கண்டுபிடி!"

முதலாளியின் தீர்ப்பு

அந்த ஆள் நான்தான் என்பதை விழுங்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். ஸ்கிரிப்டில் தப்பில்லை, தப்பு சேச்சியுடையது என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். சேச்சிக்குத் திட்டு விழும், நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

முதலாளி யோசித்தார். ஒரு மெஷினில் மட்டும் நேரம் மாறினால்தானே குழப்பம் என்றார். ஆமாம் என்றேன். சர்வரில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறிவிடுமா என்றார். எல்லாரும் ஒருமுறை வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் மாறிவிடும் என்றேன், என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே. அவர் முகம் மலர்ந்தது. "அப்போ வெள்ளிக்கிழமை லாரி வைகி வந்தா, சர்வர்லயே நேரத்தைப் பின்னால தள்ளிடு. இந்த வித்தை தெரிஞ்ச ஆளை எப்படி விட முடியும், நீ பெர்மனென்ட்!"

எல்லாக் கம்ப்யூட்டரிலும் சரியான நேரம் காட்டவைக்கப் போன நான், எல்லாவற்றிலும் ஒரே தப்பு நேரத்தைக் காட்டவைத்துக் கல்யாணம் செய்துகொண்டேன்.