தானாகத் திரும்பும் குமிழ்

ஓடுகிற என் டேபிள் ஃபேனின் முதுகில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடுகிறார் மெக்கானிக். "தண்டு சுத்துற புஷ் தேஞ்சிருக்கு. காயில் நல்லா இருக்கு." பக்கத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நடுவே இது எப்படிக் காதில் விழுகிறது என்று கேட்டேன். "பாட்டு ஓடலைன்னாதான் தம்பி எனக்குக் கை ஓடாது."

ஓடாத மோட்டார்களுக்கு வைத்தியம் பார்ப்பதால் தெருவில் இவருக்கு மோட்டார் டாக்டர் என்று பெயர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை நிறைய மிக்ஸிகள், ஃபேன்கள், நடுவில் மூடி கழன்ற பழைய ஆம்ப்ளிஃபயர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாமலே அதன் வால்யூம் குமிழ் இடப்பக்கமாக மெல்லத் திரும்பியது. பாட்டு இறங்கியது. நான் திடுக்கிட்டது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "உள்ள அவதான்" என்றார், வேலையை விடாமல்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும், அதுவும் திரைச்சீலைக்கு அப்பால் உள்ள அறையில். முன்பெல்லாம் சத்தம் கூடினால் எழுந்து வந்து, குமிழைத் திருகிவிட்டுப் பேசாமல் போய்ப் படுப்பாராம். எழுந்தபின் தூக்கம் ஏது? ஒருநாள் வார்டில் கண் சொக்கி, ஊசி மருந்தை மாற்றி எடுத்துவிட்டார். நல்லவேளை, போடுவதற்கு முன்பு கவனித்துவிட்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார். அன்றே இவர் ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கிவிட்டார்.

அதுவும் சரிப்படவில்லை. "சத்தமே இல்லன்னா நீங்க எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கு. முழிப்பு வந்துடுது" என்றாராம் அந்த அம்மா. எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது படுத்திருப்பவருக்குத்தானே தெரியும்? ஆகவே குமிழுக்கு ஒரு மோட்டார்.

டிவி ரிமோட் திரைச்சீலையைத் தாண்டாது என்று, கடை ஷட்டரை ஏற்றி இறக்கும் வயர்லெஸ் ரிமோட் ஒன்றைத் தேடிப் பிடித்தார். பொம்மைக் காரின் மோட்டாரைப் பற்சக்கரத்தோடு குமிழில் மாட்டினார். அது முதல் நாளே எல்லை தாண்டித் திருகிக் குமிழின் காம்பை முறித்துப் போட்டது. இப்போது இருப்பது டேப்ரிக்கார்டர் பெல்ட். குமிழ் கடைசிவரை போனதும் பெல்ட் வழுக்கிவிடும். "அவ இந்தப் பக்கம் திருப்ப, நான் அந்தப் பக்கம் புடிச்சாலும் வழுக்கிடும். யாருக்கும் அடி படாது."

இந்த மோட்டாரும் பெல்ட்டும் எதற்கு, ஒரு சின்ன சிப் போட்டால் குமிழ் திரும்பாமலே சத்தம் குறையுமே என்று என் அறிவைக் காட்டினேன். ஏற இறங்கப் பார்த்தார். "அவ திருப்பறது எனக்குத் தெரிய வேணாமா?"

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ரிமோட்டில் சத்தம் குறைக்கிற பட்டன் மேல் தீக்குச்சித் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறாராம். கண் திறக்காமலே விரலுக்குத் தட்டுப்படும். அழுத்தும்போது அது 'டிக்' என்கிறது, அதை மட்டும் அடக்க முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

புது புஷ் போட்டு ஃபேனை மூடுகிற நேரத்தில் கரண்ட் போனது. பாட்டு பாதி வரியில் நின்றது. அவர் திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. உடனே, நின்ற இடத்திலிருந்து வரியைப் பிடித்துத் தானே பாட ஆரம்பித்துவிட்டார். குரல் சுமார், சுருதி அதைவிடச் சுமார். கை அது பாட்டுக்கு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தது.

கட்டில் சத்தம் அடங்கியது. சற்று நேரத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு 'டிக்'. இன்னொரு 'டிக்'.

அவர் குரலைக் குறைத்துக்கொண்டார்.